பரணிலிருந்து இறங்கிய வலை

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு திரும்பும் பேருந்து. என் முன் இருக்கையில், புதிதாக வாங்கிய நண்டுக் கூடைகளோடு இரண்டு மீனவப் பெண்கள்.

“கவர்மெண்டு நண்டு துன்னுமாக்கா?” என்றாள் இளையவள்.

“இன்னாடி ஒளர்ற?”

“ஏற்றுமதி நின்னப்போ, கவர்மெண்டே நண்ட வாங்கணும்னு கத்துனியே. நாம வெலைய கொறச்சதும் ஆந்திரா யாவாரி தானா வந்துட்டான் பாரு.”

“அவன் வர்றவரைக்கும் நீ இன்னா துன்ன? கவர்மெண்டு குடுத்த அரிசிதான? அதுவும் இல்லன்னா வலைய வித்திருப்ப. ஏரில வலை போடுற உங்க முறைய வேற எவனாச்சும் தட்டினு பூட்டிருப்பான்.”

இளையவள் சிரித்தாள்.

“வலைய விக்கத்தான் கட்டி வெச்சிருந்தேன்கா. நேத்து பரண்லேந்து எறக்கிப் பார்த்தேன். ஒரு கண்ணியகூட எலி கடிக்கல. நாளைக்கு எங்க முறை.”