முன் சீட்

ஜீப்பிலா வந்தீர்கள்? கோயமுத்தூரிலிருந்து துடியலூர் வருவதற்கு ஜீப் எதற்கு என்றுதான் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். ரயிலடியில் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறியிருந்தால், வாயில் போட்ட வெற்றிலை கரைவதற்குள் இங்கே இறக்கிவிட்டிருப்பான். சிங்காநல்லூர் போக வேண்டுமென்றால் டவுனில் இறங்கி மாறிக்கொள்ளலாம். சோமனூருக்கு ரயிலே இருக்கிறது. இந்த ஜில்லாவில் காலும் பஸ்ஸுமாக நான் போகாத இடம் கிடையாது. கண்டக்டர்களுக்கு என்னைத் தெரியும். டிரைவருக்குப் பின்னால் இருக்கிற முன் சீட்டில் யார் உட்கார்ந்திருந்தாலும், "பெரியவீங்களுக்கு எடம் உடுங்க" என்று எழுப்பிவிடுவார்கள்.

ஒரே வீட்டில் இருந்தும் என் தம்பி சென்னிமலைக்கு அதெல்லாம் தெரியாது. சிங்காநல்லூரில் பம்புசெட் பட்டறை போட்டான், நாலு காசு வந்தது, அம்பாசடர் வாங்கினான். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவன் கூப்பிடுதூரத்தில் இருக்கிற மாரியம்மன் கோயிலுக்குக் காரில் போனான். அதற்கு ஒரு டிரைவர் வேறு, அரங்கசாமி என்று. இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தக் காரைத் துடைத்த துடைப்பில் பாதியாவது பெற்ற தாயின் சமாதியைத் துடைத்திருக்கலாம்.

என்னையும் கூப்பிடாமல் இல்லை. "அண்ணா, ஏறுங்க, முன்னால ஏறிக்குங்க" என்பான். பின்னால் அவனும் பெண்டாட்டியும் மச்சினனும். முன்னால் டிரைவரோடு நான், கணக்குப்பிள்ளை மாதிரி. நான் ஒருநாளும் ஏறவில்லை.

சோமனூரில் ஒரு கல்யாணம். வெயிலில் ரயிலில் வந்து இறங்கி, பந்தல் வாசலில் நான்தான் முதலில் நின்றேன். மாப்பிள்ளையின் அப்பா சந்தனக் கிண்ணத்தோடு என்னிடம் வந்தார். "ஏனுங்க, ரயில்லீங்களா வந்தீங்க? பாவம், இந்த வெயில்ல" என்றார். அந்தப் 'பாவம்' எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குள் தெருமுனையில் ஹாரன் கேட்டது. மனிதர் சந்தனக் கிண்ணத்தோடு அப்படியே திரும்பி, காருக்கு ஓடிக் கதவைத் திறந்துவிட்டார். மூத்தவன் நெற்றி காய, இளையவனுக்குச் சந்தனம். அவன் அதை வாங்கிக்கொண்டு சிரித்தான். பந்தியில் நன்றாகவே சாப்பிட்டேன்.

அன்றைக்கு நடந்ததைக் கேட்கிறீர்கள். பட்டறை மேஸ்திரி வீட்டில் காதுகுத்து, சிங்காநல்லூரில். தம்பி கிளம்பிக்கொண்டிருந்தான். கார்ச் சாவி வாசல் நிலையில் ஆணியில் தொங்கும். எடுத்து என் வேட்டி மடியில் சொருகிக்கொண்டேன். ஒருநாளாவது பஸ்ஸில் நின்றுகொண்டு போகட்டும், பத்துப் பேர் வியர்வை இவன் சட்டையிலும் படட்டும் என்று நினைத்தேன். இதில் ஒரு குற்றமும் இல்லை. அண்ணன் தம்பிக்குள் விளையாட்டு.

அவன் பஸ்ஸில் போகிற ஆள் இல்லையே. வீட்டைத் தலைகீழாகப் புரட்டினான். "அண்ணா, சாவியப் பாத்தீங்களா?" என்று என்னிடமும் கேட்டான். "நான் எதுக்கு அதப் பாக்கறேன்" என்றேன். கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினவன் நிமிரவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். சட்டையெல்லாம் நனைந்துபோனது. வலது கையால் இடது தோளைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

அப்போது கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வீட்டிலே இத்தனை பேர் தேடிக்கொண்டிருக்கும்போது, மூத்தவன் மடியிலிருந்து சாவியை எடுத்தால் எப்படி இருக்கும்? திருடன் என்பார்கள். அரங்கசாமிக்கு முன்னால், பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு முன்னால். வயசுக்கு ஒரு மரியாதை இருக்கிறது.

அரங்கசாமி, "கண்ணாடிய ஒடச்சு, ஒயர இழுத்துக் கெளப்பிப் பாக்கட்டுங்களா?" என்றான். தம்பி ஆசையாக வாங்கின காரைக் கெடுத்துப்போடாதே என்று தடுத்தேன். கட்டை வண்டியைப் பூட்டட்டுமா என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நெஞ்சு வலிக்காரனைக் குலுக்கக் கூடாது என்றேன். "நான் போய் டாக்டரக் கூட்டியாரேன்" என்று செருப்பைப் போடக் குனிந்தேன். மூத்தவன் சொன்ன பிறகு யாரும் மறுத்துப் பேசவில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அது.

குனிந்தபோது மடி விலகியிருக்க வேண்டும். தம்பி பெண்டாட்டி ராசாத்தாள் சமையல்கட்டு நிலையோரம் நின்றிருந்தாள். எங்களில் மச்சாண்டார் முன்னால், அதாவது புருஷனின் அண்ணன் முன்னால், பெண்கள் வரமாட்டார்கள், முகம் பார்த்துப் பேசமாட்டார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் குரலைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் கேட்டிருக்கிறேன். அன்றைக்கும் அப்படித்தான் கேட்டது. "அரங்கசாமி, சாவி ஆருகிட்ட இருக்குதோ அவீங்கள குடுத்துப்போடச் சொல்லு. ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோம்னு சொல்லு."

டிரைவரை விட்டு என்னைக் கேட்கிறாள். காதில் விழாத மாதிரி வாசலில் இறங்கினேன்.

வெளிக் கேட்டுக்கு வந்தபோது அவளே பின்னால் ஓடி வந்து குறுக்கே நின்றாள். தலையில் முக்காடு இல்லை. "கையெடுத்துக் கும்பிடறனுங்க மாமா. மடியில இருக்கறதக் குடுத்துப்போடுங்க. அவுரு பொழைக்கட்டும்" என்றாள். மச்சாண்டார் முகத்துக்கு நேரே வந்து நிற்கிற பெண்ணிடம் என்ன பேசுவது? முறை தெரிந்தவனாக நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒதுங்கி, ரோட்டுக்கு வந்துவிட்டேன்.

முதலில் வந்த பஸ்ஸில் முன் சீட் காலியில்லை. விட்டுவிட்டேன். நின்றுகொண்டு போய் எனக்குப் பழக்கமில்லை. அடுத்த பஸ்ஸில் போனேன். டவுனில் டாக்டர் வீட்டில் பெஞ்சு நிறைய நோயாளிகள். முண்டியடிப்பது நமக்கு அழகல்ல, முறை வருகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் பதறிப்போனார். "இதையா இவ்வளவு நேரம் பொத்தி வெச்சிருந்தீங்க, ஏறுங்க காரில, வீட்டக் காட்டுங்க" என்றார். எனக்குக் கார் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி, வழியை மட்டும் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். துடியலூரில் மாரியம்மன் கோயில் இரண்டு இருப்பது அவருக்குத் தெரியாமல் போனால் நான் என்ன செய்ய?

நான் பஸ்ஸில் திரும்பி வந்தபோது டாக்டர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று ஏதோ சொன்னார். கார்க்காரர்கள் எல்லோருமே இப்படித்தான், தாமதம் என்றால் வழியைக் குறை சொல்வார்கள். அரங்கசாமி கார்மேல் தலையை வைத்து அழுதுகொண்டிருந்தான். சாயங்காலம் இழவுக்கு எத்தனையோ கார்கள் வந்தன. ஹாரன் அடிக்காமல் வந்தார்கள், அதைச் சொல்ல வேண்டும். எல்லோரும் முதலில் என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு துக்கம் கேட்டார்கள். வெகுகாலத்துக்குப் பிறகு, முதலில் என்னிடம்.

ராசாத்தாள் சொல்லித்தான் வந்திருக்கிறீர்கள், தெரியும். இதோ சாவி. ஆணியில் திரும்ப மாட்டிவிடலாமென்று பார்த்தேன், அவள் அந்த வாசல் நிலையை விட்டு நகரவில்லை. நான் சாவியை எடுத்தது உண்மை, கொடுக்காதது உண்மை. எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் எழுதுங்கள்: டிரைவரை விட்டுக் கேட்காமல் தானே வந்து கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அல்லது, தானே வந்து குறுக்கே நிற்காமல் முறைப்படி ஆள் விட்டுக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

கிளம்பலாம். ஜீப்பில் நான் ஏறவில்லை. உங்கள் போலீஸ்காரர் ஒருவரை என்னோடு அனுப்புங்கள், மேட்டுப்பாளையம் பஸ் வருகிற நேரம்தான். இந்த நேரத்தில் கூட்டம் இருக்காது, முன் சீட் காலியாகத்தான் வரும்.

அன்றைக்கு முதலில் வந்த பஸ்ஸிலும் காலியாகத்தான் இருந்தது.