கிழக்கு எல்லையில் ஓர் ஆட்டுக் கொட்டகை

பென்சிலை நான் பிளேடால்தான் சீவுவேன். மெஷினில் சீவினால் முனை சீக்கிரம் உடைந்துவிடும்.

நீங்கள் தேடும் தாளுக்குக் கோப்பு எண் கிடையாது. மனை பிரிக்க எடுத்த எடுப்பில் யாரும் மனுப் போடுவதில்லை. ஒரு ரஃப் பிளான் வரைந்து நகரமைப்பு அதிகாரியிடம் காட்டுவோம். தேறும் என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் மனு. திருத்தங்கலில் பிளான் வரையும் நேசகுமார் சாரின் அலுவலகத்தில் இரண்டு வருடமாக மற்றவர்கள் வரைந்ததை நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். எம். புதுப்பட்டி மனைகள்தான் முழுக்க என் கையால் வந்த முதல் படம்.

நிலத்தின் கிழக்கு எல்லையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை இருந்தது. உரிமம் இல்லாத மருந்து ரூம். பட்டாசு மருந்து கலக்கும் இடத்தை ஒட்டி வீட்டு மனைக்கு அனுமதி கிடைக்காது. அளக்கப் போன அன்று உள்ளே சின்னத்தாய் அக்காவும், அவர் மருமகள் அழகுமீனாவும் இருந்தார்கள். அழகுமீனா என்னோடு பத்தாவது வரை படித்தவள்.

"ஆட்டுக் கொட்டகைன்னு போட்டுக்க தாயி. இல்லன்னா சீல் வச்சிருவாக" என்று சின்னத்தாய் அக்காவே சொன்னார். அப்படியே எழுதினேன். அது என் யோசனை என்று நீங்கள் சந்தேகப்படுவது தெரிகிறது. இல்லை.

அதிகாரி தஞ்சாவூர்ப் பக்கமிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். படத்தைப் பார்த்தார். நேரிலும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றார். மறுநாள் அதே ஊரில் ஆடு மேய்க்கும் முனியராஜிடம் இரண்டு ஆடுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு அவருக்கு முன்பே போய்விட்டேன்.

மணி பதினொன்று. கலந்த மருந்து சூடேறினால் தானே பற்றிக்கொள்ளும், வெயில் ஏறுவதற்குள் தீர்த்துவிட வேண்டும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அன்று ஆர்டர் நெருக்கடி. பாதி மருந்து மிச்சம் இருந்தது. இருவரையும் வெளியே அனுப்பவும் முடியாது. தலையிலிருந்து கால்வரை அலுமினியத் தூள். ஆடு வளர்ப்பவர்கள் வெள்ளி நிறத்தில் இருக்கமாட்டார்கள்.

கதவைச் சாத்தினால் மட்டும் போதாது, திறந்து பார்ப்பார். வெளியில் பூட்டுத் தொங்கினால்தான் ஆள் இல்லை என்று நம்புவார்.

"மருந்து ரூமப் பூட்டக் கூடாதுல்ல, ஹெப்சிபா. இதுதான் நீ படிச்ச கெமிஸ்ட்ரியாக்கும்?" என்றாள் அழகுமீனா.

பத்து நிமிடம்தான் என்றேன்.

"ஆட்ட வெளிய கட்டிட்டு எங்கள உள்ள கட்டுறா பாரு" என்று சின்னத்தாய் அக்கா சிரித்தார்.

அவர் சிரித்தார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

அதிகாரி ஆடுகளைப் பார்த்தார். கொட்டகைப் பக்கம் போகவில்லை. மெயின் ரோட்டில் நின்ற காருக்கு என்னைக் கூப்பிட்டுப் போய், அதன் மேல் படத்தை விரித்தார். சாலை அகலம், மழைத் தண்ணீர் போகும் வழி, மூலை மனைகள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பத்து நிமிடம் நாற்பது ஆனது. சாவி என் பையில் இருந்தது. திரும்பிப் போய்த் திறக்க ஐந்து நிமிடம் ஆகும். ஆனால் அதுவரை யாரும் என்னிடம் அவ்வளவு கேள்வி கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

அப்போதுதான் சத்தம் வந்தது. என்னம்மா அது என்று கேட்டார்.

வெடித்துப் பார்க்கும் பட்டாசின் சத்தம் காதோடு போய்விடும். இது காலுக்கடியில் வந்தது. இங்கே பிறந்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும். அவருக்குத் தெரியாது. புகையும் அவர் முதுகுக்குப் பின்னால்தான் எழுந்தது.

"டெஸ்ட் வெடி சார். சீசன்ல கம்பெனியில போட்டுப் பாப்பாங்க" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு மறுபடி படத்தின் மேல் குனிந்தார்.

அழகுமீனா கொஞ்ச நேரம் உயிரோடு இருந்து கதவை இடித்திருக்கிறாள் என்கிறீர்கள். இருக்கலாம். அந்த நேரம் அவர், பூங்காவுக்கு நான் விட்டிருந்த இடத்தைப் பாராட்டிக்கொண்டிருந்தார். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசும் பழக்கம் எனக்குக் கிடையாது.