மாரிச்சாமி பிடித்த கொடுவாக்கள்

அம்சா: இந்த வேகத்துல போனா எந்த மீனு தம்பி கடிக்கும்? பொம்மை மீனு தண்ணிக்கு மேல தவ்விக்கிட்டு வருது பாரு.

ஜுல்ஃபிகர்: அண்ணி, நீங்க மீனு விக்கிறவங்க. படகு ஓட்டுறது என் வேலை. ஆளுக்கு ஒரு தொழில்...

அம்சா: க்யிம்யிண்டைங் மார்க்கெட்டுக்கு வர்ற மீன்காரன் அத்தனை பேரோட புளுகும் என் தராசுல ஏறித்தான் இறங்கும். எனக்குத் தெரியாதா? படகு மெல்லப் போகணும். பொம்மை நெளிஞ்சு நெளிஞ்சு பின்னால வரணும். அப்பத்தான் கொடுவா அதை நெச மீனுன்னு நம்பும்.

ஜுல்ஃபிகர்: சரி, குறைச்சாச்சு. போதுமா?

அம்சா: ம்... இப்பத்தான் தூண்டில் நரம்பு விரல்ல துடிக்குது. நாளைக்கு உங்க மாரிச்சாமி அண்ணனுக்குக் காரியம். இலையில கொடுவா இல்லாம எப்படிப் படைக்கிறது? மருமக தமிழரசி மசாலாகூட அரைச்சு வெச்சிருச்சு.

ஜுல்ஃபிகர்: உங்க தட்டுலயே துள்ளத் துடிக்கக் கிடக்குமே அண்ணி. அதை வெச்சா அண்ணன் இலையை விட்டு எந்திரிச்சுப் போயிடுவாரா?

அம்சா: போனாலும் போவாரு, ரோசக்காரரு. ஞாயித்துக்கிழமையானா கொடுவாயைத் தூக்கிக்கிட்டு வந்து, “அம்சா, நானே இழுத்துப் பிடிச்சேன்”னு தெருவுக்கே கேக்குற மாதிரி சொல்லுவாரே... ஆமா, நரம்பை எவ்வளவு தூரம் விடுவாரு?

ஜுல்ஃபிகர்: அது... ஒரு படகு நீளம்.

அம்சா: அவ்வளவுதானா? இஞ்சின் சத்தத்துக்குப் பக்கத்துல மீனு நிக்குமா?

ஜுல்ஃபிகர்: ரெண்டு... சரி, மூணு படகுன்னு வைங்க.

அம்சா: என்னப்பா, நான் பேரம் பேசாமலே ஏத்திக்கிட்டே போறே!

ஜுல்ஃபிகர்: உங்க வாய்க்குப் பயந்துதான் அண்ணி.

அம்சா: அந்தப் பழைய தூணுங்க பக்கமா வளைச்சு விடு. வளையறப்ப நரம்பு தளர்ந்து பொம்மை கீழ இறங்கும். பதுங்கி நிக்கிறது அப்பத்தான் பாயும்.

ஜுல்ஃபிகர்: அங்கயா? அங்க நாங்க போனதே இல்லையே.

அம்சா: கொடுவா குடியிருக்கிற இடமே அதுதான்யா! பின்ன வாராவாரம் எங்கதான் போனீங்க?

ஜுல்ஃபிகர்: ...நடு ஆத்துக்கு.

அம்சா: அங்க என்ன இருக்கு?

ஜுல்ஃபிகர்: ஒண்ணுமில்ல... ஒரு கூன்யா போடுறீங்களா அண்ணி? வெத்தல இப்பத்தான் மடிச்சது.

அம்சா: வெத்தலையை நீயே மெல்லு. என் முகத்தைப் பாத்துச் சொல்லு. அவரு ஒரு மீனாவது பிடிச்சாரா?

ஜுல்ஃபிகர்: அண்ணி...

அம்சா: பிடிச்சாரா, இல்லையா?

ஜுல்ஃபிகர்: அல்லா மேல ஆணையா... ஒண்ணுகூட இல்ல. திரும்பி வர்றப்ப அக்கரையில வலைக்காரன்கிட்ட வாங்கிக்குவோம். செத்தவரைத் திட்டாதீங்க அண்ணி. திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க.

அம்சா: எனக்குத் தெரியும்.

ஜுல்ஃபிகர்: என்னது!

அம்சா: மீன்காரிகிட்டயே வலை மீனைக் கொண்டாந்து தூண்டில் மீனுன்னா? உதட்டுல முள்ளு ஏறின காயமே இருக்காது. செவுளோரம் வலை அறுத்த தடம் பளிச்சுன்னு தெரியும். நானும் “அடேயப்பா”ன்னு வாயில கை வெச்சுக்கிட்டு வாங்கி அலசுவேன்.

ஜுல்ஃபிகர்: அப்பவே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

அம்சா: கேட்டா வெக்கப்பட்டுப் போறதை நிறுத்திருவாரு. உன் படகுல போயிட்டு வந்தாத்தான் மனுசன் கொஞ்சமாச்சும் தூங்குவாரு... இங்க என்ன தம்பி செஞ்சாரு?

ஜுல்ஃபிகர்: வேண்டாம் அண்ணி.

அம்சா: சொல்லுப்பா.

ஜுல்ஃபிகர்: நடு ஆத்துக்கு வந்ததும் இஞ்சினை முழுசா முறுக்கச் சொல்லுவாரு. “இவ்வளவு வேகத்துல மீனு சிக்காதுண்ணே”ன்னா, “நீ முறுக்குடா”ம்பாரு. கம்பு ஒரு ஓரமாக் கிடக்கும். எனக்கு முதுகைக் காட்டி உக்காந்துக்கிட்டு... உங்க மகன் உதயன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுவாரு. சத்தத்துல எனக்குக் கேக்காதுன்னு நெனச்சுக்குவாரு.

அம்சா: உதயன் பேரையா?

ஜுல்ஃபிகர்: பட்டாளத்துக்குக் கட்டாயமா ஆள் எடுக்கிறாங்கன்னு பயந்து எல்லைப் பக்கம் ஓடின பிள்ளை... இன்னும் ஒரு தகவலும் இல்ல. வீட்ல அழுதா தமிழரசி என்னமோ ஏதோன்னு பயந்துரும்னு ஒரே ஒருநாள் சொன்னாரு. அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கல.

அம்சா: அந்தப் பொண்ணு இன்னும் புருசனுக்கு ஒரு தட்டு எடுத்து வெச்சுட்டுத்தான் சாப்பிடுது தம்பி. பெத்தவங்க நாங்க கண்ணைக் கசக்கினா, அவன் இல்லைன்னு நாங்களே முடிவு கட்டின மாதிரி ஆயிராதா?

ஜுல்ஃபிகர்: மனசைத் தேத்திக்குங்க அண்ணி. நரம்பைச் சுத்துங்க, அக்கரைக்கு விடுறேன். நல்ல கொடுவாயா ஒண்ணு வாங்குவோம். அண்ணனுக்கும் அது வாய்க்குப் பழகின மீனுதானே.

அம்சா: வேண்டாம்பா. நாளைக்குப் படைக்கிற மீனை விடியக்காலையிலேயே எடுத்து ஐஸ்ல வெச்சுட்டுத்தான் வந்தேன்... அவருக்காக அழுதப்ப தெருவே கூட உக்காந்து அழுதுச்சு. என் பிள்ளைக்கு அழறதுக்குத்தான் எனக்கு ஒரு இடம் இல்ல. நீ இஞ்சினை முழுசா முறுக்கிட்டுக் கொஞ்சம் கரைப் பக்கம் பாத்துக்கிட்டு ஓட்டு தம்பி.