காலடியில் கிடக்கும் புலியின் சார்பில்

அவைக்குத் தலைமையேற்று, என்னைப் பற்றி அழகழகான பொய்களைச் சொல்லி அமர்ந்திருக்கும் வாசகர் மன்றத் தலைவர் அவர்களே! களிமண்ணுக்கு மீசை முளைக்க வைத்திருக்கும் சிற்பி அவர்களே! மூட்டுவலியைப் பொருட்படுத்தாமல் மூன்று மாடி ஏறி வந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில் ஏற்கெனவே கண்ணயர்ந்துவிட்ட நண்பர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

முதலில் ஒரு திருத்தம். "கணவரோடு காடு மலையெல்லாம் சுற்றிய வீராங்கனை" என்று தலைவர் என்னைப் புகழ்ந்தார். நீங்களும் கைதட்டினீர்கள். தட்டிய கையை மடியில் வையுங்கள். நான் காட்டைக் கண்டதில்லை. அவரும் கண்டதில்லை. வேட்டைக் கதைகள் எழுதி உங்கள் உறக்கத்தைக் கெடுத்த என் கணவர், பல்லியைப் பார்த்தால் நாற்காலி மேல் ஏறி நின்று என்னைக் கூப்பிடுவார்.

சிரிக்காதீர்கள். அப்படியானால் அவர் எழுதியதெல்லாம் பொய்யா? இல்லவே இல்லை! அத்தனையும் நடந்தது. எங்கள் மாடி வீட்டில் நடந்தது! கூடம்தான் காடு. குளியலறைதான் அருவி. மாடிப்படிதான் மலை. போர்வைதான் கூடாரம். குடைதான் துப்பாக்கி. நடித்துப் பார்க்காத காட்சியை அவர் ஒரு வரிகூட எழுதியதில்லை. வீரர் அவர். அப்படியென்றால் விலங்குகள் யார்? முதலை யார்? மலைப்பாம்பு யார்? மலையிலிருந்து உருண்டு வந்த பாறைதான் யார்? நான்! எல்லாம் நான்!

"கொஞ்சம் உறுமேம்மா" என்பார். நானோ கான்வென்ட்டில் படித்தவள். அடுத்த மேசைக்குக் கேட்காமல் பேசக் கற்றவள். என் முதல் உறுமல் கொட்டாவி போல வந்தது.

"என்னம்மா, புலிக்கு உடம்பு சரியில்லையா?" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்து நான் உறுமிய உறுமலில், கீழ்வீட்டுத் தையற்காரர் மூச்சிரைக்க மேலே ஓடிவந்தார்.

"என்னம்மா சத்தம் இது? அளவு பார்க்க வந்தவரு ஒரு கை மட்டும் வச்ச சட்டையோட ஓடிட்டாரு!"

"ஒண்ணுமில்லப்பா, ஏழாவது அத்தியாயம்" என்றார் இவர், குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு.

முன்வரிசையிலிருந்து என் நாத்தனார் சொல்கிறாள்: "அண்ணி, வீட்டு விஷயத்தையெல்லாம் மேடையில சொல்லணுமா?" சொல்லத்தான் வேண்டும். சொல்லாமல் விட்டால் இவர்கள் உன் அண்ணன் சிலையை இப்படியே வெண்கலத்தில் வார்த்துவிடுவார்கள். நீ உட்கார்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒருநாள் புலியைச் சுட்டார். நான் விழுந்தேன். நாக்கைக்கூட வெளியே போட்டேன். செய்வதைத் திருத்தமாகச் செய்பவள் நான். அவர் வெற்றிப் பெருமிதத்தோடு குடையை ஊன்றி நின்றார். அந்த நேரம் பார்த்துப் பால் பொங்கும் வாசனை வந்தது. செத்த புலி எழுந்தது. சமையலறைக்கு ஓடியது.

"ஏய், நீ செத்துட்டே!"

"பால் பொங்குதுங்க! அணைச்சுட்டு வந்து சாகறேன்!"

திரும்பி வந்தபோது அவர் எழுதிக்கொண்டிருந்தார்: 'குண்டு குறி தவறியது. புலி எழுந்தது. இடப்பக்கம் திரும்பி ஓடி மறைந்தது.' அன்றிலிருந்து அவருடைய எந்தக் கதையிலும் புலி சாகவில்லை. எல்லாப் புலியும் இடப்பக்கமே ஓடும். எங்கள் சமையலறை இடப்பக்கம். இதைப் பேராசிரியர் ஒருவர் 'உயிர்களிடத்து எழுத்தாளர் கொண்ட பேரருள்' என்று ஆராய்ந்து பட்டமே வாங்கிவிட்டார். வாங்கட்டும். அருள் யாருடையதாக இருந்தால் என்ன, பால் காப்பாற்றப்பட்டது.

இப்போது இந்த மேடையைப் பாருங்கள். சற்றுமுன் திரைவிலக்கிய களிமண் மாதிரியைப் பாருங்கள். கையில் துப்பாக்கி. காலடியில் செத்த புலி. புலியின் முதுகில் என் கணவரின் கால்! ஐயா சிற்பி அவர்களே, மீசையை மெச்சுகிறேன். ஆனால் கேட்கிறேன்: உறுமியது யார்? உருண்டது யார்? முழங்கால் தேயத் தேயத் தரையில் தவழ்ந்தது யார்? அந்தப் புலி நான்! வாழ்ந்த காலமெல்லாம் என் மீது கைகூட ஓங்காத மனிதரை, போன பிறகு என் முதுகில் காலை வைக்கச் சொல்கிறீர்களே, இது அடுக்குமா?

தாய்மார்கள் தட்டுகிறீர்கள். இப்போது தட்டலாம்.

கடைசியாக ஒன்று. அவர் மருத்துவமனையில் இருந்தபோது என்னை அருகே அழைத்து, "ஒரே ஒரு தடவை உறுமேம்மா" என்றார். நான் உறுமினேன். செவிலி கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டாள். இவர் கண்ணை மூடிக்கொண்டு, "இப்பதான் சரியா வந்திருக்கு" என்றார். எனக்குக் கிடைத்த ஒரே விமர்சனம் அதுதான். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆகவே துப்பாக்கியை எடுத்துவிட்டுக் குடையைக் கொடுங்கள். புலி எழுந்து நிற்கட்டும், இடப்பக்கம் பார்க்கட்டும். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், விழித்துக்கொண்ட கடைசி வரிசைக்கும் நன்றி, வணக்கம்.

தலைவர் அவர்களே, நீங்கள் தலையாட்டுவது தெரிகிறது. தலையாட்டல் போதாது. சிலை வார்ப்புக்குப் போவதற்கு முன், மன்றத்தின் முடிவை எனக்கு எழுத்துமூலம் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.