வருதாம்

எனக்கு டீயில் அரை ஸ்பூன் சர்க்கரை போதும், சார். அதற்கு மேல் போட்டால் பல் கூசும்.

பழைய கேஸ் கட்டை மேசையில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள், சொல்கிறேன். நான் இன்பசேகரன். பழங்காநத்தத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியார். ஹரிஷ்குமார் என் கூட்டாளி. 2001இல், லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தில் தமிழ் தட்டச்சு செய்ய இருவரும் சேர்ந்து ஒரு மென்பொருள் எழுதினோம். பாதி உழைப்பு என்னுடையது. வெளியிட்ட அன்று, 'உருவாக்கியவர்' என்கிற பெட்டியைத் திறந்து பார்த்தேன். அவன் பெயர் மட்டும் இருந்தது. அதைத் தட்டியவள் அவன் மனைவி ஹம்சவேணி.

"கோவிச்சுக்காத மாப்ள, அடுத்த வெர்ஷன்ல உன் பேரு வந்துரும்" என்றான். பிறகு புருஷனும் பெண்டாட்டியும் தங்கள் சௌராஷ்டிர மொழியில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். அந்தப் பாஷை எனக்குத் தெரியாது. என்னைப் பற்றித்தான் இருக்கும்; வேறெதற்குச் சிரிக்கப்போகிறார்கள்? மூன்று வருடம் காத்திருந்தேன். அவன் அடுத்த வெர்ஷனை அப்படியே கிடப்பில் போட்டுவிட்டு 'பலகணி'யில் இறங்கிவிட்டான். காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவனுக்கும் தெரியட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

பலகணி என்றால், திரையில் பொத்தான், பட்டியல், பெட்டி எல்லாம் அழகாக வரைந்து தருகிற கருவி. ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பெனியிடம் அப்படி ஒன்று இருந்தது. ஆனால் அவர்கள் விற்கிற சரக்கில் மட்டும்தான் ஓடும். லினக்ஸுக்கு இல்லையே என்றுதான் இவன் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்து எழுதினான். அவன் உயிரே அதில்தான் இருந்தது.

ஒருநாள் டீக்கடையில் வைத்துச் சொன்னேன். "மாப்ள, எங்க ஜூடு பெங்களூர்ல அந்தக் கம்பெனிலதான் இருக்கான். அவங்களோடது லினக்ஸுக்கும் வருதாம்."

வருகிறது என்று நான் சொல்லவில்லை, சார். வருதாம் என்றேன். எழுதும்போது அதைக் கவனமாக எழுதுங்கள். ஜூடு என்று எனக்கு யாரும் கிடையாது, அது வேறு விஷயம்.

அவன் முகம் செத்துப்போனது. "அது வந்தா என்னோடத எவன்டா சீந்துவான்?" என்றான். வாராவாரம் வந்து கேட்பான். தீபாவளிக்கு வருதாம். பொங்கலுக்குத் தள்ளிப் போயிருச்சாம். சும்மாவே குடுக்குறாங்களாம். மாசி மாதம் பலகணியை மொத்தமாக அழித்தான். வேலையையும் விட்டுவிட்டு, வரப்போகிற கருவியைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தான். ஒரு வருடம் ஓடியது. ஒன்றும் வரவில்லை. "பழைய காப்பி ஏதாச்சும் உங்கிட்ட கெடக்கா மாப்ள?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். என் இழுப்பறையில் ஒரு சிடி இருந்தது. "தேடிப் பாக்குறேன்" என்றேன். தேடவில்லை, இருக்கும் இடம்தான் தெரியுமே.

மறுவாரம் வீட்டைவிட்டுப் போனான். ஐந்தாம் நாள், பேரையூர் பக்கம் ஒரு கிணற்றில் ஆள் கிடப்பதாகத் தகவல் வந்தது. ஹம்சவேணியால் எழுந்திருக்கவே முடியவில்லை. "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்கண்ணே" என்றாள்.

போனேன். முகம் ஊதிப்போயிருந்தது. இடது மணிக்கட்டில் சால்டரிங் கம்பி சுட்ட தழும்பு அப்படியே இருந்தது. கைதவறிச் சுட்டவன் நான்தான். ஏட்டு மருது, "உங்காளுதானா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

"இவன் இல்ல" என்றேன்.

வருதாம், போயிருச்சாம் என்று கடைசியில் 'ஆம்' போடாமல் நான் அடித்துச் சொன்னது அது ஒன்றுதான். ஊர்பேர் தெரியாத ஆள் என்று எழுதிப் புதைத்தார்கள்.

மூன்று வருடமாகிறது. அவள் இன்னும் நெற்றி நிறையக் குங்குமம் வைக்கிறாள். வாராவாரம் என் வாசலுக்கு வருவாள். "எதுவும் சேதி உண்டாண்ணே?"

"பெங்களூர்லதான் இருக்கானாம்மா. நல்ல வேலையாம். சீக்கிரம் வாரானாம்."

அன்றைக்கு அவன் பெயரைத் தட்டிய அதே விரல்களால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவாள்.

நேற்றும் வந்தாள். உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் ஒரு பெண்ணை அழவைக்க எனக்கு மனசு வராது, சார்.