ஒரே பாவில் இரண்டு முகூர்த்தச் சேலை

என் பெயர் விருத்தாம்பாள், வயது 71, கணவர் பெயர் சின்னப்பையன். ஆரணி டவுனில் குடியிருந்து, என் மகன் குமரேசன் தறிக்கு ஊடை நூலைத் தாரில் சுற்றிக் கொடுத்து வருகிறேன். இந்த வழக்கில் பிரதிவாதி என் மகன். வழக்குப் போட்டவர் பட்டுக்கடை சிவப்பிரகாசம்.

சென்ற தை 9ஆம் தேதி சிவப்பிரகாசம் வீட்டுக்கு வந்து, ஒரு முகூர்த்தச் சேலைக்குப் பாவு நூலும் டிசைன் அட்டையும் கொடுத்தார். கல்யாணப் பெண் தேவிப்ரியா, என் ஓரகத்தி அபிதகுசாம்பாளின் பேத்தி. முந்தானையில் ஜோடி மான் வரும் அந்த டிசைனில் ஒரு சேலைதான் நெய்ய வேண்டும், மீதிப் பாவில் வேறு டிசைன் போட வேண்டும் என்று பத்திரம் எழுதி என் மகனிடம் கையெழுத்து வாங்கினார். ஒரு பாவில் மூன்று சேலை வரும்.

அதன் பிறகு மாசி 4ஆம் தேதி சேலையை நான்தான் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே அபிதகுசாம்பாள் உட்கார்ந்திருந்தாள். சேலையை மடியில் போட்டுத் தடவிக்கொண்டே, "எங்க பாப்பாவுக்குன்னே போட்டது விருத்தா, ஊர்ல வேற யாருகிட்டயும் இருக்காது. நீ தார் சுத்துனதே உனக்குப் பெருமதான்" என்றாள்.

அதன் பிறகு நான் வீட்டுக்கு வந்து மகனிடம், "அதே மாதிரி இன்னொண்ணு வேணுமாம், கடைக்காரரே சொன்னாரு, ஜல்தியா போடு" என்று பொய் சொன்னேன். அவன் நம்பி நெய்தான். கடையில் கொடுப்பதாக வாங்கி என் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

1972இல் எனக்கும் அவளுக்கும் ஒரே பந்தலில் கல்யாணம். மாமியார் அவளுக்குப் பட்டு எடுத்தார், எனக்கு நூல் சேலை. இதை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதிக்கொள்ளவும்.

அதன் பிறகு பங்குனியில் கண்ணமங்கலம் மண்டபத்துக்கு அந்தச் சேலையை நானே கட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். பெண்ணும் அதே சேலையில் வந்தாள். அபிதகுசாம்பாள் என்னிடம் வந்து, "பொண்ணு யாருன்னு ஜனம் கேட்டுகினு இருக்குது, நீயே போய் மணையில குந்திக்கிறியா?" என்றாள். "மாப்பிள்ள ஒத்துக்கினா எனக்கு என்னாக்கா" என்றேன். பந்தியில் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

அதன் பிறகு, ஒப்பந்தத்தை மீறியதாக என் மகன் மேல் வழக்கு வந்தது. மூன்று மாதமாக எந்தக் கடையும் அவனுக்குப் பாவு கொடுக்கவில்லை. நான் அபிதகுசாம்பாள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டால் வழக்கை வாபஸ் வாங்குவதாக சிவப்பிரகாசம் சொல்லி அனுப்பினார். "ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடும்மா, தறி சும்மா கெடக்குது" என்று மகன் அழுதான். நான் போகவில்லை. இங்கே வந்தேன்.

பொய் சொல்லி நெய்ய வைத்தது நான், என் மகன் மேல் தப்பு இல்லை. சேலையைத் துவைக்காமல் அப்படியே கொண்டுவந்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளலாம். கடைக்காரர் காலில் விழச் சொன்னால் விழுகிறேன். என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. அவள் வீட்டுப் படி மட்டும் ஏற மாட்டேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதுதான் இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) விருத்தாம்பாள்