விலக்குப் பட்டியலில் ஒரு வரி

மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் தோன் செவேரோவுக்கு விரல்கள் தடிமன், அம்மா. பாஸ்வேர்டை அவர் ஒரே தடவையில் சரியாக அடித்து நான் பார்த்ததில்லை. ஐந்து முறை தப்பாக அடிப்பார், விசைப்பலகையைத் திட்டுவார், எழுந்துபோய் ஒரு சீபா ரொட்டி தின்றுவிட்டு வந்து ஆறாவது முறை சரியாக அடிப்பார். நல்ல மனிதர். அவர்மேல் குற்றமில்லை என்பதை வாக்குமூலத்தில் முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் மருத்துவமனையில் பதினாலு வருஷமாக மெயில் சர்வர் என் பொறுப்பு. மெயில் திறக்கவில்லையென்றால் என் அறைக்குத்தான் வரவேண்டும். பனிக்கட்டி போட்ட தெரெரே, அந்த மூலிகைத் தேநீர், ஒரு சுற்றுப் போகும். நான் ஊற்றித் தருவேன், அவர்கள் உறிஞ்சுவார்கள், ஊர்க்கதை வரும், கடைசியில்தான் வந்த காரியம். என் அம்மா எல்லைச் சந்தையில் துணி விற்றவள். வந்தவர் உட்காருமுன் விலை சொல்லமாட்டாள். எனக்கும் அந்தப் பழக்கம்தான்.

மார்ச்சில் தலைநகர் அசுன்சியோனிலிருந்து சுனில்டா என்ற கணினிக்காரப் பெண் வேலைக்கு வந்தாள். என் சர்வருக்கு முன்னால் ஒரு வெப்மெயிலைக் கட்டினாள். அதன் பிறகு எல்லோரும் கைபேசியிலேயே மெயில் பார்த்தார்கள். மேசைக் கணினிகளில் நான் போட்டுவைத்திருந்த பழைய மெயில் நிரல்களைத் துடைத்து எடுத்தார்கள். தலைமை நர்ஸ் ஞா பெத்ரோனா நடைபாதையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "தோன் எவுலோஹியோ, உங்க கிழட்டுப் பெட்டிக்கு இப்பத்தான் ஒருத்தி வந்து முகம் கழுவிப் பவுடர் போட்டுவிட்டிருக்கா." நானும் சிரித்தேன். அன்றிலிருந்து என் அறையில் தெரெரே தண்ணீர் மதியம்வரை குறையாமல் இருந்தது. ஒருவன் தனியாக எவ்வளவுதான் குடிப்பான்?

சர்வரில் ஒரு காவல் நிரல் உண்டு. ஒரே கணினி முகவரியிலிருந்து ஐந்து முறை தப்பான பாஸ்வேர்டு வந்தால் அந்த முகவரிக்குப் பத்து நிமிஷம் கதவைச் சாத்திவிடும். வெப்மெயில் வழியாக யார் வந்தாலும் எனக்குத் தெரிவது வெப்மெயிலின் ஒரே முகவரிதான். அதனால் அந்த முகவரியை, எத்தனை தப்பு வந்தாலும் கதவைச் சாத்தாத விலக்குப் பட்டியலில் போடச்சொல்லி சுனில்டா முதல் நாளே கேட்டாள். போட்டேன். ஒரே வரி.

அக்டோபர் கடைசியில் அந்த வரியை எடுத்தேன்.

பிறகு தோன் செவேரோ காலையில் வந்து உட்கார்ந்தால் போதும், மருத்துவமனை முழுவதும் வெளியே நின்றது. பத்து நிமிஷத்தில் தானாகச் சரியாகும். சாப்பாட்டுக்குப் பின் தூங்கி எழுந்து அவர் மறுபடி அடிப்பார், மறுபடி சாத்தும். சுனில்டா தன் கணினியிலிருந்து என் சர்வரைத் தட்டிப் பார்த்தாள். அது வேறு முகவரி, திறந்தது. அப்படியானால் பிழை தன் வெப்மெயிலில்தான் என்று அதைப் பிரித்துப் பிரித்துப் பூட்டினாள்.

ஒருநாள் என் வாசலில் நின்று கேட்டாள். "தோன், உங்க பக்கம் ஏதாவது தடுக்குதா? பதிவேட்டைக் கொஞ்சம் பாருங்களேன்."

"பதினாலு வருஷமா எதையும் மாத்தலை, மகளே. என் பதிவேட்டுல ஒண்ணும் இல்லை," என்றேன்.

பதிவேட்டை நான் மட்டும்தான் பார்க்க முடியும். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அது உதவி கேட்டது ஆகாது, அம்மா, விசாரணை. உதவி கேட்கிறவர்கள் உட்காருவார்கள்.

ஞா பெத்ரோனாவின் வாய் இப்போது அவள் பக்கம் திரும்பியது. "என்ன பொண்ணே, பவுடர் வேர்த்துடுச்சா?" எனக்கு அந்த வாரம் நன்றாகத் தூக்கம் வந்தது.

சுனில்டாவுக்கு அப்போது ஏழாவது மாதம். திங்களன்று எடுத்த ரத்தத்தை அசுன்சியோன் ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு டாக்டர் ஒவேலாரின் மெயிலுக்கு வரும். புதன் காலை அவர் அவளிடமே கேட்டார். "உன் ரிப்போர்ட்டுதான் வரணும். என் பெட்டியைத் திறந்து குடு, பார்த்துச் சொல்றேன்."

"அதுக்குத்தான் டாக்டர் அதைக் கட்டிப் பிடிச்சு அழுதுட்டிருக்கேன்," என்று சிரித்தாள். கண்ணிமைகள் வீங்கியிருந்தன.

கடிதங்கள் எல்லாம் என் சர்வரில்தான் கிடக்கும். படிப்பது வேறு, கண்ணில் படுவது வேறு. பதினொன்று பத்துக்கு அந்தக் கடிதம் என் கண்ணில் பட்டது. தட்டணுக்கள் மிகவும் குறைவு, கல்லீரல் கெட்டிருக்கிறது, இன்றே படுக்கையில் சேர்த்துக் குழந்தையை எடுங்கள் என்று இருந்தது. மதியத் தூக்க நேரத்தில் ஆய்வகத்திலிருந்து ஒருமுறை தொலைபேசியிலும் அழைத்தார்கள். அந்த நேரத்தில் எங்கள் ஊரில் தொலைபேசியை யார் எடுப்பார்கள்? எனக்கு மணி கேட்டது.

கடிதத்தைப் பார்த்தபின், காலையில் சாத்திய கதவு திறக்குமுன், காவல் நிரலில் பத்து நிமிஷத்தை ஒரு நாளாக மாற்றினேன். என் கணக்கு நியாயமானது: இனி வேறு வழியில்லை, வருவாள், உட்காருவாள், "முடியலை தோன், நீங்கதான் பார்க்கணும்" என்பாள். வரியையும் திருப்பித் தருவேன், கடிதத்தையும் தருவேன். இரண்டும் கைவசம் தயாராக இருந்தன.

நாலு மணிக்கு வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஒரு கை விலா எலும்புக்குக் கீழே அழுத்தியிருந்தது.

"தலை பிளக்குது தோன். கொஞ்சம் தண்ணி குடுங்க."

கொடுத்தேன். இரண்டு குவளை குடித்தாள். அவள் வேறு ஏதாவது கேட்பாளா என்று காத்திருந்தேன். "நாற்காலி இருக்கு, உட்காரேன்," என்றுகூடச் சொன்னேன்.

"உட்கார்ந்தா எழுந்திருக்க மாட்டேன். இதைச் சரிபண்ணிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும்," என்றாள்.

ஆறு மணிக்கு வாடகை மோட்டார் சைக்கிளில் ஏறிப்போனாள். வீட்டில் வலிப்பு வந்திருக்கிறது. வியாழன் விடிவதற்குள் அவளும் போனாள், வயிற்றில் இருந்ததும் போனது. பெண் குழந்தை என்றார்கள்.

அன்று காலை அந்த வரியைத் திரும்ப எழுதினேன், நேரத்தையும் பத்து நிமிஷமாக்கினேன். எல்லோருக்கும் மெயில் திறந்தது. ஞா பெத்ரோனா அழுத கண்ணோடு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். "கடைசியில உங்க கைதான் வேணும்னு ஆயிடுச்சு, தோன்," என்றாள். அவளுக்கு ஒரு தெரெரே ஊற்றிக் கொடுத்தேன்.

இதெல்லாம் நான் செய்ததுதான். எங்கே கையெழுத்து வேண்டுமோ காட்டுங்கள். ஒரே ஒரு வார்த்தையை மட்டும் நீக்கிவிடுங்கள், அம்மா. பொறாமை என்று போட்டிருக்கிறீர்கள். அவளிடம் பொறாமைப்பட என்ன இருந்தது? இரண்டு வாரமாக அவளால் முடியாத வேலையை நான் ஒரு நிமிஷத்தில் முடித்தேன்.